ஈர இலை

ஜெயபுரத்துக்குப் போகும் காட்டு வழியில் அவர் ஜீப்பை நிறுத்தியிருந்தார். என்னைவிட இளையவர். மெலிந்த உடம்பு, முழங்கால்வரை சேறு, கையில் மீன்முள்ளைப் போன்ற அன்ரெனா. கழுத்தில் சிக்னல் அனுப்பும் பட்டி கட்டிய யானை எங்கே நிற்கிறது என்று தேடுவது அவருடைய வேலை.

என் மகளுக்குக் காய்ச்சல். மருந்தோடு சைக்கிளில் வந்த என்னை மறித்தார். அவருடைய கருவியில் ‘டிக், டிக்’ என்று மிக மெல்லிய சத்தம்தான் கேட்டது.

“சத்தம் குறைவெண்டால் யானை தூரத்திலதானே நிக்குது, தம்பி? நான் போறன்.”

அவர் பக்கத்துப் பாலை மரத்தின் இலையொன்றைப் பிடித்து விரலால் தடவினார்.

“காலமை எண்டால் நானும் ஓம் எண்டிருப்பன், அக்கா. இப்ப மழை பெய்திட்டுது. நனைஞ்ச காடு சிக்னலைக் குடிச்சிடும். யானை கிட்ட நிண்டாலும் இப்பிடித்தான் கேக்கும். கொஞ்சம் பொறுங்கோ.”

“பிள்ளை காய்ச்சலில கிடக்குது!” என்று கத்தினேன்.

“அதுக்குத்தான் சொல்லுறன்” என்றார்.

சிறிது நேரத்தில், நான் போகவிருந்த வளைவிலேயே பற்றை விலகியது. யானை எங்களைத் திரும்பியும் பாராமல் பாதையைக் கடந்து போனது.

பிறகு என் வீட்டுப் படலைவரை ஜீப்பை எனக்கு முன்னால் மெதுவாக ஓட்டி வந்தார். மருந்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் போயிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போதும் மழை விட்டபின் அந்த வழியால் போகுமுன் ஓர் இலையைத் தடவிப் பார்க்கிறேன். என்னிடம் கருவி இல்லை. இலை எனக்கு எதுவும் சொல்வதுமில்லை. ஆனாலும் தடவாமல் சைக்கிளில் ஏற மனம் வருவதில்லை.