சிவப்புக் கோடு போட்ட போத்தல்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய நெல்லிரசப் போத்தல் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. முக்கால் உயரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கும். போன மாதம் மகள் அலுமாரியைத் துப்புரவாக்குகிறேன் என்று தொடங்கி, அதைப் பழைய போத்தல்காரருக்குக் கொடுக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் முற்றத்தில் நின்ற பூனையே ஓடிவிட்டது. "ஒரு வெறும் போத்தலுக்கு இவ்வளவு கூத்தா அம்மா?" என்று கேட்டாள். ஓம், இவ்வளவு கூத்துத்தான். அந்தப் போத்தல் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் தம்பியின் படிப்பு இல்லை. ஆனால் அவளுக்கு அதை நின்ற நிலையில் சொல்ல முடியவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வவுனியாவில் ஒரு நிவாரண நிறுவனத்தில் கள அலுவலராகத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த சாரதிகள் இருவரும் அடுத்தடுத்து வெளிநாடு போய்விட்டார்கள். இனிக் கள அலுவலர்களே வாகனம் ஓட்டவேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்து, எங்களில் ஆறு பேரை மூன்று கிழமைப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பியது. கடைசி வியாழக்கிழமை பரீட்சை. கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் தலைமைக் கந்தோரிலிருந்து முகத்துவாரத்தில் இருந்த களஞ்சியம் வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் அந்த மாதச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம். தம்பியின் படிப்புச் செலவு என் சம்பளத்தில்தான் நடந்தது. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. "பிள்ளை கொழும்பு பார்த்த மாதிரியும் இருக்கும்" என்று கந்தோரில் ஒருவர் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பஸ் முழுக்கக் காதுக்குள் நின்றது.

எனக்குக் கார் ஓடத் தெரியாமல் இல்லை. ஊருக்குள் பெற்றோலே வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாமாவின் காரில் பழகியவள் நான். அது மண்ணெண்ணெயில் ஓடிய கார். கிளப்புவதற்கு மட்டும் பெற்றோல் சில துளி விடவேண்டும். அந்தத் துளிகளை மாமா கண்ணுக்கு மருந்து விடுவதைப்போல விடுவார். ஆகவே ஒருமுறை கிளப்பிய இஞ்சினை நிற்பாட்டுவது எங்கள் வீட்டில் பெரும் பாவம். கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், செத்த வீட்டுக்குப் போனாலும் கார் வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். அந்தப் பழக்கம் என் கைக்குள் ஊறிக்கிடந்தது. கொழும்பிலோ சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி வாகனத்தை நிறுத்தி, உடனே இஞ்சினை நிற்பாட்டவேண்டும். உறுமிக்கொண்டு நிற்கிற வாகனத்தைக் கண்டால், குண்டு வாகனமோ என்று அங்கே ஆமியின் துவக்கு உயரும்.

முதல் கிழமையிலேயே நான்கு தரம் பிழைவிட்டேன். பயிற்சியாளர் மொறட்டுவைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர், அரைகுறைத் தமிழில் அலறுவார்: "மிஸ், இஞ்சின் ஓப்! ஆமிக்காரன் சுட்டா மொதல்ல சாகிறது நான்!" பரீட்சையன்று ஒரேயொரு தரம் இதை மறந்தாலும் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆறு பேருக்கு ஒரே வாகனம். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் மணித்தியாலம். கலர் லைற்றையே அப்போதுதான் முதன்முதல் காண்கிறேன். சிவப்பில் நிற்பதா, பச்சையில் பாய்வதா, பின்னால் ஹோண் அடிக்கிறவனைத் திட்டுவதா? எதைத்தான் செய்ய?

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஓய்வுபெற்ற தபால் கந்தோர் உத்தியோகத்தரான ஓர் அன்ரியின் வீட்டில். கணவர் இறந்துவிட்டார், மகன் கனடாவில். வடக்கிலிருந்து வருகிற தமிழர் பொலிசில் பதியவேண்டிய காலம் அது. போய் இறங்கிய அன்றே என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்து, அந்தப் பதிவுத் துண்டை நான்காக மடித்து என் கைப்பைக்குள் தானே வைத்தார். "குளிக்கப் போனாலும் இது கையிலை இருக்கவேணும், விளங்கிச்சோ?" என்றார். சாப்பாட்டில் குறை வைக்கமாட்டார், வாய்க்கும் ஓய்வு கொடுக்கமாட்டார். ஒருநாள் நான் கட்டில் விளிம்பில் இருந்து, இரண்டு செருப்பையும் ஒரு தலைவாரும் பிரஷையும் நிலத்தில் வரிசையாக வைத்து மிதித்து, குடையைப் பிடித்துக் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். கதவடியில் நின்று பார்த்திருக்கிறார். "பிள்ளை, கார் எந்தப் பக்கம் போகுது? என்னையும் ஏத்திக்கொண்டு போவன்" என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் போய்ப் பின்பக்கக் கராஜின் பூட்டைத் திறந்தார். உள்ளே, பழைய கட்டில் சீலையால் மூடிய ஒரு மொறிஸ் மைனர். அவருடைய கணவரின் கார். ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர்தான் இடைக்கிடை வந்து அதைக் கிளப்பிப் பார்ப்பாராம்.

காரைத் தருவதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஓட்டோக்காரர் தன் தாங்கியிலிருந்து வடித்துக் கொடுக்கும் பெற்றோலை அன்ரி இந்த நெல்லிரசப் போத்தலில், இந்தச் சிவப்புக் கோடுவரைக்கும் வாங்குவார். அவ்வளவைத்தான் காருக்குள் ஊற்றுவார். ஒரு சொட்டு மேலே போகாது. அது பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்ப மட்டுமட்டாகக் காணும். பின்னேரங்களில் கந்தோரால் வந்து முகம் கழுவியதும் புறப்படுவோம். அன்ரி முன்சீற்றில், மடியில் கைப்பை, கைப்பைக்குள் இருவரது அடையாள அட்டையும் பொலிஸ் துண்டும். நான் வீதியைப் பார்ப்பேன், அவர் ஊரைப் பார்ப்பார். இந்தப் படமாளிகையில் தான் கலியாணம் முடித்த கிழமை படம் பார்த்தது, இந்தக் கடையில் சேலை எடுத்தது, இந்த ஒழுங்கைக்குள்ளால் பார்த்தால் கடல் தெரியும், "பார் பார்... ஐயோ என்னைப் பாராதை, றோட்டைப் பார்!" என்று வாய் ஓயாது. இங்கேயே முப்பது வருடம் வாழ்ந்தவர், சந்தைக்கும் கோயிலுக்கும் அப்பால் போயே வருடக்கணக்காகிறது என்று பிறகுதான் தெரிந்தது. கொழும்பு பார்க்க வந்தது நானா அவரா என்று எனக்கே சந்தேகம்.

போத்தல் விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவேயில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. கனடாவில் மகனை வைத்துக்கொண்டு, கோடு போட்டுப் பெற்றோல் ஊற்றுகிற மனுசி என்று மனதுக்குள் நொந்துகொண்டேன். இரண்டாம் கிழமை முடிவில் ஒருநாள், கேட்காமலே பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்டேன். "இன்னும் கொஞ்சத் தூரம் அன்ரி, கொள்ளுப்பிட்டிச் சந்தி மட்டும்" என்றேன். அவர் எரிபொருள் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்திக்குக் கிட்ட ஒரு சோதனைச்சாவடி. நிறுத்தினேன். கை திறப்பில் இருக்கிறது, திருப்ப வரவில்லை. இஞ்சின் உறுமுகிறது. ஆமிப் பொடியன் ஒரு தரம் சொன்னான். இரண்டாம் தரம் கத்தினான். மூன்றாம் தரம் துவக்கை உயர்த்தினான். அன்ரி குறுக்கே கையை நீட்டி, திறப்பைத் திருப்பி, இழுத்தெடுத்து, கண்ணாடிக்கு வெளியே அவனுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். பிறகு சிங்களத்தில், தபால் கந்தோர்க் கவுண்டரில் பேசுவதுபோல ஆறுதலாக, பிள்ளை பழகுகிறாள், பயந்துவிட்டாள் என்று சொன்னார்.

அவன் துவக்கை இறக்கினான். அட்டைகளைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், போகச் சொன்னான். கார் கிளம்பவில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். பின்னால் பஸ்காரன் ஹோண் அடிக்கிறான். அன்ரி தலையை நீட்டினார்: "அனே மல்லி, பொட்டக் தல்லு கரன்ன." கொஞ்சம் தள்ளிவிடு தம்பி என்று அர்த்தம். சற்று முன் எங்களைச் சுட நின்றவனும் இன்னொருவனும் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு காலி வீதியில் எங்கள் காரைத் தள்ளினார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தள்ளியும் கிளம்பவில்லை. அவன் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான். பெற்றோல் இல்லை. ஏன் அம்மா பெற்றோலே ஊற்றாமல் கார் ஓடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அன்ரி, அதற்கு மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கள் ஒழுங்கை ஓட்டோக்காரருக்கு ஆள் விட்டு, அவர் வந்து பெற்றோல் வடித்துத் தந்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு அன்ரி சொன்னார். எண்பத்து மூன்று ஆடியில், தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கிய அன்று, அவரும் கணவரும் அதே காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒழுங்கை முனையில் கூட்டம் மறித்தது. "அடிக்கேல்லைப் பிள்ளை. காரையும் எரிக்கேல்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, குழாய் விட்டு, வாளியிலை பெற்றோலை எடுத்தாங்கள். முதல்நாள்தான் இவர் ஃபுல் டாங்க் அடிச்சவர். எங்களைப் போகவிட்டிட்டாங்கள். பிறகு திரும்பிப் பார்த்தால் முனையிலை நாங்கள் சாமான் வாங்கிற தமிழ்க் கடை எரியுது. எனக்குப் பால்மாப் பெட்டி ஒளிச்சு வைச்சுத் தாற கடை. என்ரை பெற்றோலிலை எரிஞ்சது." கடைக்காரர் குடும்பம் பின்மதிலால் ஏறித் தப்பிவிட்டது. பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் போத்தல் கணக்குக்கு மேல் பெற்றோல் போனதில்லை. கோடு போட்டவர் கணவர். நகப்பூச்சு அன்ரியுடையது. நான் மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இனிக் காரைக் கேட்கமாட்டேன் என்றேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்து வந்த செவ்வாய் போயா, பௌர்ணமி விடுமுறை. பரீட்சைக்கு இரண்டு நாள். முகத்துவாரம் போகிற வழியை நான் பயிற்சி வாகனத்தில் ஒரே தரம்தான், அதுவும் பின்சீற்றில் இருந்து பார்த்திருந்தேன். காலையில் எழும்பி வந்தால் அன்ரி சேலை உடுத்து, பொட்டு வைத்து, வாசலில் நிற்கிறார். கையில் திறப்பு. போத்தலைக் காணவில்லை. "கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தவேணும். அதுக்கு அங்காலைதானே உன்ரை முகத்துவாரம்?" என்றார். காலி வீதிப் பெற்றோல் செட்டில் விடச் சொன்னார். கண்ணாடியை இறக்கி, "ஃபுல் டாங்க் கஹன்ன மல்லி", தாங்கி நிறைய அடி தம்பி, என்றார். குரல் நடுங்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை மட்டும் இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்திருந்தார். தாங்கி நிரம்பி, மூடி பூட்டும் வரைக்கும் கண்ணை மூடியே இருந்தார். எனக்காக ஒருவர் அப்படி இருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

அன்று நான் ஓடிய ஓட்டத்தைப்போல அதற்குப் பிறகு ஓடியதில்லை. கோட்டைப் பக்கத்தில் அரைவாசி வீதிகள் மூடிக்கிடந்தன. சுற்றிச் சுற்றிப் போனோம். ஐந்து இடத்தில் மறித்தார்கள். ஐந்து இடத்திலும் கார் நின்ற அடுத்த நொடி என் கை திறப்பைத் திருப்பியது. அன்ரிக்குப் பக்கத்தில், நிறைந்த தாங்கியோடு, உறுமிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அவ்வளவுதான், மூன்று கிழமையாகத் திருந்தாத கை திருந்திவிட்டது. கொச்சிக்கடையில் சனத்துக்குள் நெருங்கி மெழுகுதிரி கொளுத்தினோம். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தடிக்குள்ளால் முகத்துவாரம் போய், களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில் இறங்கி நின்றோம். வலை காயப்போட்டிருந்த ஒரு மனுசி எங்களுக்கு இருக்க ஒரு மரவாங்கு தந்தாள். திரும்பும்போது காலிமுகத்திடலில் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டு இறால் வடை தின்றோம். "செவ்வாய்க்கிழமையிலை இறாலா அன்ரி?" என்றேன். "அந்தோனியார் பார்த்துக்கொள்ளுவார், நீ தின்" என்றார்.

வியாழக்கிழமை தேறினேன். பயிற்சியாளர் கடைசிச் சோதனைச்சாவடி தாண்டியதும் நெஞ்சில் கை வைத்து, "மிஸ், நான் இன்னும் உயிரோட!" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். சனிக்கிழமை நான் பஸ் ஏறும்போது அன்ரி இந்தப் போத்தலைப் பத்திரிகைத்தாளில் சுற்றிக் கையில் தந்தார். "எனக்கு இனி இது வேண்டாம் பிள்ளை. நீ கொண்டுபோய் எண்ணெய் கிண்ணெய் விட்டு வை." நான் ஒருநாளும் எண்ணெய் விடவில்லை. சில வருடத்தில் அவர் மகனிடம் போய்விட்டார். அங்கேயே காலமான செய்தி எனக்கு ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது.

அந்தப் போத்தலுக்குள் நான் பெற்றோல் விட்டது ஒரே தரம்தான். சண்டையெல்லாம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் கிடந்த அந்த வருடம். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த சிங்கள ஆசிரியை காலையில் ஓடிவந்தாள். மகனுக்கு வலிப்பு, ஓட்டோ நிற்கிறது, பெற்றோல் இல்லை. நான் இரண்டு நாள் வரிசையில் நின்று அடித்த பெற்றோல் காரில் இருந்தது. குழாயை விட்டேன். கைக்கு அகப்பட்டது இந்தப் போத்தல். கோடு வந்தது. நான் நிற்பாட்டவில்லை. கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்தான். மூன்றாம் நாள் அவள் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தாள். கோடு ஏதோ அளவுக்குப் போட்டது என்று நினைத்து, அதில் கை படாமல் கழுவினாளாம். அளவுக்குத்தான் என்றேன்.

இப்போது மகள் மன்னிப்புக் கேட்டு அதை மேல்தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். இதை வாசித்தால் ஏன் சத்தம் போட்டேன் என்று அவளுக்கு விளங்கும்.