ஷம்சியா கொடுத்த ரத்தம்

மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கிடங்கில் சுக்கைத் தரம் பிரிப்பது ஷம்சியாவின் வேலை. அத்தாவும் அம்மாவும் போனபின் தம்பி ஷாஹிரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். வளைகுடாவில் சமையல்காரனாக இருந்த ஷாஹிர் சென்ற ஆண்டு விடுமுறைக்குப் புறப்பட்டான். அவன் ஏறிய விமானம் ஒரு மலையடிவாரத்தில் தலைகுப்புற விழுந்தது.

தொலைக்காட்சியில் கருகிய பள்ளத்தையும் கைக்குட்டை அளவுத் தகடுகளையும் மட்டுமே காட்டினார்கள்.

"அத்தனை பெரிய பிளேன் எங்கே போச்சு? ஒரு சீட்டாவது கெடக்க வேணாமா? எங்கேயோ எறக்கி மறைச்சிருக்காங்க" என்றாள் ஷம்சியா.

கிடைத்ததை அடையாளம் காண, கூடப்பிறந்தவளின் ரத்தம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் கொடுக்கவில்லை. "குடுத்தா அவன் மவுத்துன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றாள். பள்ளிவாசலில் அவனுக்காகத் தொழவும் விடவில்லை. ஷாஹிரின் மனைவி ஹிஸானா, தான் விதவையா இல்லையா என்றே தெரியாமல் ஐந்து மாதம் இருந்தாள்.

கடைசியில் ஹிஸானாதான் அவளைப் பக்கத்துத் தெரு ராமபத்ரனிடம் கூட்டிப்போனாள். கடற்படையில் இருபது வருடம் விமானம் பழுதுபார்த்தவர் அவர். பிளேன் எங்கே போச்சு என்று ஷம்சியா கோபமாகவே கேட்டாள். அவர் சாயா கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பறக்கணும்னா கனம் கூடாது, ஷம்சியா. மேல்தகடு அலுமினியம், சாயாக்கடைத் தட்டு கனம்தான். மெல்ல எறங்கி இடிச்சா வாலும் சிறகும் கிடைக்கும். இது மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர். வேகம் ரெண்டு மடங்கானா இடி நாலு மடங்கு. பஸ்ஸைவிடப் பத்து மடங்கு வேகம்னா இடி நூறு மடங்கு, மனசிலாச்சா? முன்பக்கம் மண்ணுல நின்னுடும், பின்பக்கம் அதே வேகத்துல வந்து மோதும். என்ஜின் தண்டு மாதிரி கெட்டியான சிலதுதான் மிஞ்சும். யாரும் எதையும் மறைக்கல."

"உள்ள இருந்தவங்க, சேட்டா?"

"அவங்களும் அப்படித்தான்."

"வலிச்சிருக்குமா?"

"மோதினப்போ இல்ல. வலி தெரியறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அதுக்கு முந்தி பயந்திருப்பான். அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்."

ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஷம்சியா அழுதாள். ஹிஸானா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாளே ஷம்சியா எர்ணாகுளம் போய் ரத்தம் கொடுத்தாள். ஆறு வாரத்தில் முத்திரை வைத்த ஒரு சிறு பெட்டி வந்தது. இரண்டு கைக்குள் அடங்கியது. திறக்க வேண்டாம் என்றார்கள், அவளும் திறந்து காட்டச் சொல்லவில்லை. இந்தப் பெட்டிக்கு எவ்வளவு தோண்டுவது என்று கபர்ஸ்தானிலிருந்து ஆள் வந்து கேட்டபோது மட்டும் உறுதியாகச் சொன்னாள்:

"ஆள் நீளத்துக்குத் தோண்டுங்க. என் தம்பி நல்ல உயரம்."

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மகளை அழைத்துப்போக ஆலுவாவிலிருந்து ஹிஸானாவின் அத்தா வந்தார். ஷம்சியாவே அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஹிஸானா அவற்றை எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள்.

"நீங்க போயிட்டு வாங்கத்தா" என்றாள். "நான் மதினிகூட இருக்கேன்."