எந்த வீட்டு லைன் யார் பெயரில்

பிராட்பேண்ட் கம்பெனி வேலை என்றால் ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கொடுப்பது என்று நினைப்பீர்கள். என் வேலை பெரும்பாலும் ஏன் கொடுக்க முடியாது என்று விளக்குவது. போனில் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குகிறவராக நீங்கள் இருந்தால் என் கஷ்டம் உடனே புரியும். கள்ளக்குறிச்சி ஆபீசில் எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். எந்த லைன் எந்த வீட்டுக்குப் போகிறது என்று சர்வரில் பதிவது என் பொறுப்பு. ஒரு லைனை மாற்றிப் பதிந்தாலும் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாமனார் வீட்டு லைன்

மோடம் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பும். தெருப் பெட்டியில், ஒவ்வொரு வீட்டு லைனையும் ஒரு போர்ட்டில் செருகி வைத்திருக்கும் மெஷின், "இது இந்தப் பெட்டி, இந்தப் போர்ட்டிலிருந்து வருகிறது" என்று தன் பங்குக்கு ஒரு சீட்டு ஒட்டி சர்வருக்கு அனுப்பும். எல்லாம் பதிவோடு ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள். இதை நான் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறேன். யாரும் கேட்பதாக இல்லை.

கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் பொங்கலுக்குத் தன் மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரிஷிவந்தியத்துக்குப் போய், மாமனார் வீட்டு லைனில் செருகியிருக்கிறார். சர்வர் விடவில்லை. எனக்கு போன். "பேரு என்னுது, பாஸ்வேர்டு என்னுது, மோடம் என்னுது, நான் பொண்ணு எடுத்த வூடு இது. இன்னும் இன்னா ப்ரூஃப் கேக்குது உங்க சர்வரு?"

இரண்டு விண்ணப்பம்

தியாகதுருகத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு ஒரே நாளில் லைன். ஒன்று கவிதா டீச்சர் வீடு, மற்றது ஆரோக்கியசாமி என்ற விவசாயியின் வீடு. லைன்மேன் சேவியர் அண்ணன் இரண்டு போர்ட் எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேறு வேலையாகக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். எது எந்த வீடு என்று எழுதவில்லை. மலையில் அவருக்கு டவர் கிடையாது. எனக்கோ பொறுமை கிடையாது. மேஜையில் விண்ணப்பங்கள் கிடந்த வரிசைப்படியே பதிந்தேன். இரண்டு வீட்டையும் சர்வர் உள்ளே விடவில்லை.

திருத்த மேனேஜரின் அனுமதி வேண்டும். கேட்டால் வேலை போகும். அழாத குறையாக நின்ற என்னைப் பார்த்து, மலையிலிருந்து இறங்கிய சேவியர் அண்ணன் ஒரு வழி செய்தார். டீச்சர் மோடத்தில் ஆரோக்கியசாமியின் பெயர், பாஸ்வேர்டு; அவர் மோடத்தில் டீச்சருடையது. சர்வர் இருவரையும் மரியாதையாக உள்ளே விட்டது. "அழுவாதம்மா. சர்வர் இன்னா, தெருவுல வந்து எட்டிப் பாக்கப் போவுதா?"

கேட்காத வேகம்

மகளுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ வருகிறது என்று கவிதா டீச்சர் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். அவர் பெயரில் கூடிய வேகம் அப்படியே பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் ஏறின மாதிரித் தெரியவில்லையே என்றார் டீச்சர். போகப் போகச் சரியாகிவிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதே வாரம் ஆரோக்கியசாமி ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரோக்கியசாமி பையை என் மேஜையில் வைத்தார். "நாங்க கேக்காமலே ஸ்பீடு ஜாஸ்தி பண்ணிக் குடுத்துட்டீங்க. மாதா உங்கள நல்லா வெச்சிருக்கணும்ங்க!"

ஒரு வாரம் நிறுத்தணும்

அடுத்து ஆரோக்கியசாமி, குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவதால் ஒரு வாரம் லைனை நிறுத்தி வைக்கச் சொன்னார். மேனேஜரே பதிந்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தானாக நின்றுவிடும். ஆனால் நிற்கப் போவது டீச்சர் வீட்டில். பத்தரைக்கு மகளுக்கு இன்டர்வியூ.

ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று டீச்சருக்கு போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அக்கா, நாளைக்கு லைன் கட்டாவாதில்ல? ரெண்டு வருஷமா இதுக்குத்தான் படிச்சிக்கினு இருக்கேன்" என்றாள். என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. நேராகப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சேவியர் அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மேனேஜர் உடனே பதிவைத் திருத்தி, மோடங்களில் அவரவர் பெயரைத் திரும்பப் போடச் சேவியர் அண்ணனைத் தியாகதுருகத்துக்கு விரட்டினார். மறுநாள் இன்டர்வியூ ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது என்று அந்தப் பெண் போன் செய்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "மொத நாளே சர்வர் தப்புன்னு சொல்லிச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் போய் அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. இன்னிலேர்ந்து உன் சோதனைக் காலம் மறுபடியும் மொத நாள்."

இப்போதெல்லாம் எந்த வாடிக்கையாளராவது நம் சர்வீஸ் பிரமாதம் என்று பாராட்டினால், முதல் வேலையாக அவருடைய பக்கத்து வீட்டு லைனைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.