ஒன்றே கால் அங்குலம்

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "சார்ட்டுல எல்லார் புள்ளியும் ஒண்ணா கீது. என்னுத மட்டும் சார் ஓரமா வெச்சிக்கிறாருப்பா."

வடக்கனந்தலில் கரும்பு வெட்டும் கூலிக்காரன் நான். அதனால்தான் என் பெண்ணை ஒதுக்குகிறான் என்று ரத்தம் கொதித்தது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் வாத்தியாரை அறைந்தேன். உதடு கிழிந்து அவர் சட்டையில் ரத்தம் சொட்டியது.

அவர் திருப்பி அடிக்கவில்லை. சுவரிலிருந்த சார்ட்டைக் காட்டினார். "இந்தக் கோட்டுல குறிச்சிருக்கிற எண்ணெல்லாம் அங்குலங்க. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புள்ளையோட பென்சில் நீளம். மத்ததெல்லாம் நாலு, நாலே கால், நாலரை. உங்க பொண்ணோடது ஒண்ணே கால்."

"புதுப் பென்சில் வாங்கித் தாப்பா" என்று அவள் கேட்டபோதெல்லாம், அவளையும் இதே கையால்தான் அறைந்திருந்தேன்.

வாத்தியாரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.