பிச்சிக் கொடிக்கு நட்ட பந்தக்கால்

எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் காலி இடம் உண்டு. கார் இல்லாததால் என் மனைவி அங்கே ஒரு பிச்சிக் கொடி வைத்திருந்தாள். அது படர்ந்த லட்சணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஏறி, துணி காயப்போடும் கயிற்றுக்குத் தாவி, அங்கிருந்து கேபிள் வயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விட்டது. பூவெல்லாம் அவர்களுக்கு, சருகெல்லாம் எங்களுக்கு. வெட்டிவிடலாமே என்று ஒரு தடவை வாயை விட்டேன். அன்றைக்கு எனக்கு உப்பில்லாத உப்புமா கிடைத்தது.

அந்தக் கொடி அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பதியன். புளியங்குடியில் அந்த வீட்டில் இப்போது அவளுடைய அண்ணன் இருக்கிறார். எலுமிச்சை வியாபாரம். அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள், ஆகவே பெரிய காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் தன் மகன் கல்யாண அழைப்பிதழை எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு! தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மதினியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து கூப்பிட வேண்டியவர், ஊருக்கெல்லாம் அனுப்பியதோடு எங்களுக்கும் ஒன்றைத் தட்டிவிட்டார். "வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு" என்று பிறகு போனில் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுபோல் ஆயிற்று. கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. மறுவீட்டில் போடும் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு கைநழுவிப் போனதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தம் உண்டு. அதை வீட்டில் சொல்வதில்லை.

கொடியில் மொட்டு வைக்கும்போதெல்லாம் அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவளுக்கு அண்ணன் வேண்டும். ஆனால் சொல்லமாட்டாள். எனக்கோ தூது போகத் தெரியாது, போனால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அந்தக் கொடிக்காவது ஒரு நல்ல இடம் செய்து கொடுப்போம் என்று தோன்றியது.

மில் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பகலெல்லாம் போன்தான் துணை. அதில்தான் பெர்கோலா என்ற ஒன்றைப் பார்த்தேன். நான்கு மரத்தூண்கள், மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், அவ்வளவுதான். கூரை கிடையாது. கொடி ஏறி அதுவே கூரையாகிவிடும். கீழே நாற்காலி போட்டுக் காபி குடிக்கலாம். வீடியோவில் காபி குடித்தவர்களுக்கு வேர்க்கவே இல்லை.

தெரிந்த ஆசாரியிடம் போனைக் காட்டினேன்.

"இது பந்தல்லா அண்ணாச்சி? இதுக்கு எதுக்கு வீடியோ?" என்றார்.

"நல்லாப் பாரும் வே. சட்டத்து முனையெல்லாம் எப்படி வளைச்சு அறுத்திருக்கான்!"

"வளைச்சிருவோம். உங்களுக்கு இல்லாத வளைவா?"

பழைய வீடு ஒன்றை இடித்த இடத்தில் வேங்கை உத்திரங்கள் கிடைத்தன. கரி பிடித்துக் கறுத்துக் கிடந்த மரம், இழைத்ததும் உள்ளே பனங்கருப்பட்டி நிறத்தில் பளபளத்தது. நான் தினமும் போய் அதைத் தடவிக் கொடுத்தேன். எங்கள் மண்ணில் மரத்தை வெறுமனே இறக்கினால் கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி. அதனால் தூண்களின் அடியில் தார் பூசி, குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்துவதாக ஏற்பாடு.

முதல் தூண் நட்ட அன்று காலையில் ஆசாரி கையில் மாவிலைக் கொத்தோடு வந்தார். "மண்ணுல மரம் ஊனப் போறோம், சும்மா ஊனக்கூடாது" என்றார். தூணுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். உச்சியில் மாவிலையைக் கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கூடவே தொங்கவிட்டார். என் மனைவி கோயில் புற்றுமண் ஒரு சிட்டிகை எடுத்துக் குழியில் போட்டு, பாலும் ஊற்றினாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு சூடத்தட்டைப் பிடித்தேன்.

அத்தோடு ஆசாரியைக் காணவில்லை. பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒரு கதவு வேலை, முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னார். ஒரு வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது ஆசாரிமார் வழக்கம், ஆகவே நானும் கத்திவிட்டு விட்டுவிட்டேன். குட்டையான காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி, மஞ்சளும் மாவிலையுமாக அந்த ஒற்றைத் தூண் மட்டும் நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் அப்படி ஒரு கால் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம். எங்களுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இது இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் தெருவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"என்னக்கா, பந்தக்கால் நட்டாச்சு போல? மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிச்சிக்கொடிக்கு நட்டது" என்றாள் என் மனைவி.

"சரிக்கா, சரிக்கா. கண்ணு பட்டுரும்னு மறைக்கியோ. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இல்லை இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, ரகசியமாக ஒரு பெரிய இடம் அமைந்திருக்கிறது என்று பேச்சு வளர்ந்தது. சமையல்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். பஜாரில் பூக்கடைக்காரர் மாலைக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொன்னார். மகளிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "தேதிய மட்டும் சொல்லிருங்கப்பா, லீவு போடணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. முதலில் மதினி இறங்கினார்கள். பின்னால் இறங்கியவரைப் பார்த்ததும் நான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன். மனைவியின் அண்ணன்! என்னைப் பார்க்காமல் நேராகத் தூணைத்தான் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"மாப்ளே, புளியங்குடியில தாய்மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான்ங்கிற ஞாபகம் இருக்கா உமக்கு? நான் இல்லாம என் மருமகளுக்குப் பந்தக்கால் நட்டுட்டீராக்கும்? மார்க்கெட்ல எவனோ சொல்லி நான் தெரிஞ்சுக்கிடணும். ஒரு வாட்ஸ்அப்பாவது அனுப்பக்கூடாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"கல்யாணம் ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். "நம்ம வீட்டுப் பிச்சிக்குப் பந்தல் போடுதோம்."

"கொடிக்கா?"

"கொடிக்குத்தான்."

அவர் அடுத்த வீட்டு மாடிவரை போயிருந்த கொடியை அண்ணாந்து பார்த்தார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்பம் சரி, வாரேன்" என்று கார்ப் பக்கம் திரும்பினார். என் மனைவியும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கெட்டது போ, இனி இந்த ஜென்மத்தில் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் காரில் ஏறுவதற்குள் அவள் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், மேலே ஒரு கிள்ளு பிச்சிப்பூ.

"அண்ணே, மதினி, பந்தல் முடிஞ்சு கொடிய ஏத்துற அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்றாள். "நேர்லதான் சொல்லணும்னு நேர்ல சொல்லுதேன்."

அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அன்னைக்கு நான் இப்படி வந்திருக்கணும்ட்டி" என்றார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கார் டிக்கியைத் திறந்தேன். உள்ளே ஒரு மூட்டை எலுமிச்சம்பழம். கல்யாண வீட்டுக்கென்று கொண்டுவந்திருக்கிறார். அன்று மத்தியானம் மதினியும் அவளும் சேர்ந்து சொதி வைத்து, அந்தப் பழத்தைத்தான் பிழிந்தார்கள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை ஊற்றும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சொதி வருத்தமும் அவளுக்கு இத்தனை நாளாகத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.