சைவக் கடையில் ஒரு கடல் மீன்

செங்கம் ரோட்டில் பலராமன் நடத்துவது சின்ன டிபன் கடை. கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம் அவருடையது. கல்யாணமானதும் மனைவி கீதாஞ்சலியோடு டவுனுக்கு வந்து, இட்லி தோசையில் ஆரம்பித்து, மலையைத் தேடி வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காரம் கம்மியாகச் சமைக்கவும் பழகிக்கொண்டார். கடையில் முட்டைக்கே இடமில்லை. அங்கே ஒரு மீன் வந்து சேர்ந்தது அவர் ஆசைப்பட்டு அல்ல.

கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்த பெல்ஜியக்காரர், ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரேயடியாகக் கிளம்பினார். அவருடைய கடல்மீன் தொட்டியைக் கொண்டுபோக வழியில்லை. அந்தப் பெரிய தொட்டியில் இருந்தது ஒரே மீன். தட்டு மாதிரி அகலம், குழைத்த மஞ்சள் நிறம், முன்னால் நீட்டின குட்டி வாய்.

"என்ன சாப்பிடும்?" என்று கேட்டார் பலராமன்.

"பாசி. பகல் முழுக்க மேயும். நீங்களும் சைவம், அதுவும் சைவம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

தொட்டியைக் கீழே இறக்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மூர்த்தி வந்தான். வலையில் சிக்கிய மீனை பலராமன் கையால் எடுக்கப்போக, விரலில் ரத்தம் வந்துவிட்டது. மூர்த்தி மீனின் வாலடியைக் காட்டினான். மடக்குக் கத்தி போல வெள்ளையாக ஒரு முள்.

"கடிக்காதுண்ணா. பயந்தா வாலை வீசும், அவ்ளோதான்" என்றான். உப்புத் தூள் கலந்து தண்ணீர் மாற்றும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தான்.

மறுநாள் விடியுமுன் அடுப்புப் பற்றவைக்க வந்த கீதாஞ்சலி பதறிப்போய் கணவரை எழுப்பினாள். "என்னங்க, மீன் செத்துடுச்சு போல. கலரே போயிடுச்சு."

மீன் கல்லிடுக்கில் மங்கலாக ஒடுங்கிக் கிடந்தது. உடம்பில் வெள்ளையாக ஒரு கோடு. விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் திரும்பியது. ராத்திரியானால் அது நிறம் மாறித்தான் தூங்கும் என்று பிறகு மூர்த்தி சொன்னான்.

சாப்பிட வருகிறவர்கள் பார்க்கிற தொட்டி என்பதால், பலராமன் கண்ணாடியோடு கற்களையும் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தார். மீன் டப்பாத் தீனியைக் கொஞ்சம் கொறிக்கும். மற்ற நேரமெல்லாம் வெறும் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கும். போகப்போக அதன் வயிறு ஒட்டிவிட்டது.

கூப்பிட்டதும் மூர்த்தி வந்து பார்த்தான். "பசிண்ணா. ஒரே வேளையில வயிறு நிறைய தின்னுட்டு இருக்கிற ஜாதி இல்ல இது. கடல்ல விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் பாறையில பாசியைக் கொறிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க பாசியே இல்லாம தேய்ச்சுட்டீங்க. பேசாம என்கிட்ட குடுத்துடுங்க. சென்னையில ஒருத்தர் வாங்கிப்பார்."

பலராமன் மனைவியைப் பார்த்தார். இந்த வேலையெல்லாம் நமக்கெதுக்கு என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"பசியோட யாரையும் நம்ம கடையில இருந்து அனுப்பறதில்ல" என்றாள் கீதாஞ்சலி. "மொதல்ல அது சாப்பிடட்டுங்க. அப்புறம் யோசிக்கலாம்."

கீரையை வேகவைத்துப் போட்டார்கள். மீன் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷாவருஷம் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஜப்பானிய அம்மா ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, அடுத்த நாள் காகிதம் போலிருந்த ஒரு கறுப்புத் தாளைக் கொண்டுவந்தார். அவர் ஊரில் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுகிற காய்ந்த கடல்பாசி. உப்பு, எண்ணெய் எதுவும் சேராதது. பலராமன் ஒரு துண்டைத் துணி கிளிப்பில் மாட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்.

மீன் ரெண்டு முறை சுற்றி வந்தது. அப்புறம் ஒரு ஓரத்தைப் பிய்த்தது. சாயங்காலத்துக்குள் கிளிப் மட்டும் மிச்சம்.

அதிலிருந்து அவர் முன்கண்ணாடியை மட்டுமே துடைக்கிறார். பின்கண்ணாடியிலும் கற்களிலும் பாசி பிடித்திருக்கிறது. மீனுக்கு வயிறு நிரம்பி உடம்பு தேறிவிட்டது. சென்னைக்காரர் கேட்கிறார் என்று மூர்த்தி மறுபடி சொன்னபோது, "இங்கயே இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு அவனுக்குக் காபி கொடுத்தார்.

போன கார்த்திகை தீபத்துக்கு விடியற்காலையிலிருந்தே கடையில் நிற்க இடமில்லை. சாயங்காலம் கூட்டம் தீபம் பார்க்க மலைப் பக்கம் திரும்பிய பிறகுதான் பலராமனுக்கு ஞாபகம் வந்தது. "கீதா, மீனுக்குப் பாசி வெக்கவே இல்ல."

"காலையிலயே மாட்டிட்டேன். நீங்கதான் இன்னும் சாப்பிடல" என்று கீதாஞ்சலி இலையைப் போட்டாள். சாம்பார் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. ரெண்டு பேரும் அதைப் பகிர்ந்துகொண்டு சாப்பிட்டார்கள்.