ஹாரன் போன பேட்டரி வண்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சிரமப்பட்டுப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்கு யாரிடமும் வாய்விட்டுப் பேச வராது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வேலைக்குப் போகும்போது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் பேட்டரி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தபோது இதைவிட நல்ல வேலை இல்லை என்று நினைத்தேன். விருந்தாளிகள் பின்னால் உட்காருவார்கள். அவர்களுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான். வண்டி சத்தமில்லாமல் போகும். முன்னால் நடப்பவர்கள் விலக வேண்டுமென்றால் காலடியில் உள்ள ஹாரன் பொத்தானை மிதித்தால் போதும். நான் பேச வேண்டியதை அது பேசிவிடும்.

ஒரு நாள் மிதித்தேன், சத்தம் வரவில்லை. நீச்சல் குளத்தருகே நடந்துபோன ஓர் அம்மாளின் கையில் வண்டி உரசிவிட்டது. மேனேஜர் வந்தார். அவருக்கு என் கடைசித் தம்பி வயதுகூட இருக்காது.

"இன்னா அண்ணாத்த, ஹாரனு பூட்ச்சின்னா வாயும் பூட்ச்சா? கத்த வேண்டியதுதான?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஹாரனு எப்டி கத்தும்? கத்திக் காட்டு."

"பாம்" என்றேன்.

"ஆட்டுக்குட்டி கணக்கா கீது. கேட்டாண்ட நிக்கிற செக்யூரிட்டிக்கி கேக்கணும்."

தோளைக் குறுக்கி, ஒரு கணம் தயங்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். குளத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அன்று முதல் மற்ற வண்டிகள் காலியாக நின்றாலும் என் வண்டிக்கே காத்திருந்தார்கள். லாரி போல அடி, ரயில் போல அடி என்றார்கள். போனில் படம் பிடித்தார்கள். கல்யாணத்துக்கு வந்த ஒருவர் முன்சீட்டில் ஏறி, என் மூக்கைப் பொத்தானாக நினைத்து அழுத்தினார். அவர் அழுத்தும்போதெல்லாம் கத்தினேன்.

ஹாரனைச் சரி செய்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்று சாப்பாட்டு நேரத்தில் வண்டியைப் பிரித்தேன். விளக்கு எரிந்தது, அதனால் பேட்டரியில் குறையில்லை. ஃபியூஸும் நன்றாக இருந்தது. ஹாரனைக் கழற்றிப் பக்கத்து வண்டியில் மாட்டினேன், அங்கே ஒலித்தது. திரும்ப என் வண்டியிலேயே பொருத்தி, காலடி ரப்பரைத் தூக்கி, பொத்தானுக்கு வரும் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட வைத்தேன். அலறியது. பொத்தானைத் திறந்தால் உள்ளே கடல் மணல், ஈரக் காலோடு ஏறுகிறவர்கள் கொண்டுவந்தது. செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். மிதித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

மேனேஜர் வந்து ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

"ஒயர புடுங்கிடு."

"சார்..."

"ஹாரனு எல்லா வண்டிலயும் கீது. கெஸ்ட்டு ஒன் வண்டிய கேட்டு வந்துகினு கீறாங்க. புடுங்கு."

என் கையாலேயே பிடுங்கினேன்.

மழைக்காலம் வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தும் தேறவில்லை. ஒரு நாள் காலை வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேனேஜரிடம் போய், தொங்கிக்கொண்டிருந்த ஒயரைக் காட்டி, மாட்டிக்கொள்ளட்டுமா என்று சைகை செய்தேன்.

அவர் சிரித்தார். "நீயும் ரிப்பேரா அண்ணாத்த? சரி, சாவிய குடு."

வண்டி படாளம் ஊர்க்காரன் ஒருவனிடம் போனது. என்னைத் துண்டு மடிக்க அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் குரல் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. படாளத்துக்காரனுக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் கத்துவதற்கு முன் என்னைப் போலவே தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து, ஒரு கணம் தயங்குகிறான். விருந்தாளிகள் அந்தத் தயக்கத்துக்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள். துண்டு மடிக்கும் அறை வரை கேட்கிறது.

இதை எழுதியது ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.